என் குழியில் கிடைத்த காண்டாமிருகம்

1

இன்று காலை வைதேகி ஒரு எவர்சில்வர் தூக்கில் பாயசம் கொண்டுவந்தாள். எதற்கு என்று கேட்டேன். நானும் அவளும் தொல்லியல் துறையில் ஆய்வு மாணவிகளாகச் சேர்ந்து இன்றோடு ஒரு வருஷமாம். எனக்கு நினைவில்லை. அவளுக்கு நினைவிருக்கிறது. எதிலும் இப்படித்தான். நல்ல காரியம் எதுவோ, அதை எனக்கு முன்னால் அவள் செய்து முடித்திருப்பாள்.

பாயசம் நன்றாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒரு பொறாமைக்காரியின் குறிப்பு. ஒரு வருஷமாக என்ன படித்தாய் என்று கேட்டால், பழங்காலத்தில் இரும்பு எப்படி உருக்கினார்கள் என்று படித்தேன், பக்கத்து மேசைக்காரியைப் பார்த்து வயிறெரிந்தேன், இரண்டும்தான் செய்தேன்.

எனக்குச் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணம் முடிந்து திருவனந்தபுரத்துக்கு வந்து பதிமூன்று வருஷம் ஆகிறது. துபாயில் இருக்கிறவன் ஊருக்கு வந்தால் தெருவே திரண்டு வந்து பார்க்கும். நான் போனால், "நீ பக்கத்துலதான இருக்க" என்பார்கள். தென்காசியில் பஸ் ஏறி, செங்கோட்டை தாண்டி மலை இறங்கினால் வந்துவிடலாம்தான். ஆனால் மலை இறங்கியதும் பஸ்ஸின் பெயர்ப்பலகையை என்னால் படிக்க முடியாது. ரேஷன் கடையில் என்ன எழுதிப் போட்டிருக்கிறான் என்று தெரியாது. என் பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்ன படிக்கிறது என்று தெரியாது. துபாய்க்காரனாவது இரண்டு வருஷத்தில் திரும்பிவிடுவான். எங்களை யாரும் புலம்பெயர்ந்தவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

என் வீட்டுக்காரர் கிழக்கேகோட்டையில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்க்கிறார். நான் வேதியியல் படித்தவள். கழக்கூட்டத்தில் கட்டுமானப் பொருட்களைச் சோதிக்கிற ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் பத்து வருஷம் வேலை பார்த்தேன். அடுக்குமாடி கட்டுகிறவர்கள் கம்பி அனுப்புவார்கள். அதை இழுத்து முறித்து, எவ்வளவு தாங்கியது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நாள் முழுக்க முறிக்கிற வேலை. என் குணத்துக்குப் பொருத்தமான வேலை என்று வீட்டுக்காரர் சொல்வார்.

ஒருநாள் யாரோ பல்கலைக்கழகத்து ஆட்கள் துருப்பிடித்த ஒரு இரும்புத் துண்டைக் கொண்டுவந்தார்கள். ஏதோ பழைய புதைகுழியில் கிடைத்ததாம். அறுத்துப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். அறுத்தேன், தேய்த்தேன், நுண்ணோக்கியில் வைத்தேன். நான் பத்து வருஷம் பார்த்த இரும்பு அதில் இல்லை. ஆலைக் கம்பியின் உள்ளே கோடு எதுவும் இருக்காது. இதில் கறுப்புக் கோடுகள் நீள நீளமாக ஓடின. சம்மட்டியால் அடித்து அடித்து இரும்பிலிருந்து கசடை வெளியேற்றியிருக்கிறான் ஒருவன். முழுதும் போகவில்லை. போகாமல் நின்றதுதான் அந்தக் கோடு. அவன் கைக்குச் சலித்த இடம் எனக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை. அஞ்சல் வழியில் தொல்லியல் எம்.ஏ. படித்தேன். நுழைவுத் தேர்வு எழுதினேன். சம்பளத்தை விட்டேன். முப்பத்தாறு வயதில் மாணவி ஆனேன். சேர்ந்த அன்று என் பக்கத்தில் இருபத்து நான்கு வயதில் வைதேகி வந்து உட்கார்ந்தாள்.

2

வைதேகி ஸ்ரீவராகத்துக்காரி. பத்மநாபசாமி கோயில் பக்கத்து அக்கிரகாரம். அவளும் தமிழ்தான். ஆனால் அவள் எங்கிருந்தும் வரவில்லை. எத்தனையோ தலைமுறையாக இங்கேயே இருக்கிறார்கள். வீட்டில் பழைய தமிழ் பேசுவாள், வெளியே மலையாளம் பேசுவாள், எங்கள் நெறியாளரிடம் ஆங்கிலம் பேசுவாள். வட்டெழுத்துக் கல்வெட்டை ரேஷன் கார்டு படிக்கிற மாதிரி படிப்பாள். இரண்டு ஊரும் அவளுக்குச் சொந்தம். எனக்கு ஒன்று போய்விட்டது, இன்னொன்று கிடைக்கவில்லை.

சேர்ந்த புதிதில் எனக்குத் தகுதிச் சான்றிதழ் ஒன்று வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுப் பட்டம் இங்கே செல்லும் என்று ஒரு காகிதம். அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதல் நாள் போய் என் மலையாளத்தில் மரியாதையாகக் கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமல், "நாளெ வரூ" என்றார். நாளைக்கு வா. அடுத்த நாள் போனேன். "நாளெ வரூ." ஓணம் வந்தது, போனது. அந்த இரண்டு சொல்லையும் அவர் சொல்கிற விதம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. கோபமும் இருக்காது, சிரிப்பும் இருக்காது. ஈயை ஓட்டுகிற மாதிரி ஒரு சொல்.

கடைசியில் வைதேகி கூட வந்தாள். ஏதோ இரண்டு வார்த்தை பேசினாள். குமாஸ்தா சிரித்தார். எழுந்து போய்க் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அது ஓணத்துக்கு முன்பிருந்தே அலமாரியில் இருந்திருக்கிறது.

வெளியே வந்ததும் ஏன் என்று கேட்டேன். வைதேகி தயங்கித் தயங்கிச் சொன்னாள். நான் அவரை "நிங்ஙள், நிங்ஙள்" என்று கூப்பிட்டிருக்கிறேன். நமக்கு நீங்கள் என்பது மரியாதை. இங்கே மேலே இருக்கிற ஆளை அப்படிக் கூப்பிட்டால் அவன் முகத்தில் அறைந்த மாதிரி. சார் என்றுதான் சொல்ல வேண்டும். பதிமூன்று வருஷமாக இந்த ஊரில் யார் யாருக்கெல்லாம் மரியாதை கொடுத்தேனோ அத்தனை பேரையும் அவமானப்படுத்தியிருக்கிறேன். பள்ளிக்கூட டீச்சர், வாடகை வீட்டுச் சொந்தக்காரி, ஆஸ்பத்திரி டாக்டர், எல்லோரையும். ஒருவரும் சொல்லவில்லை.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன் அக்கா" என்றாள் வைதேகி.

நன்றி சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

3

இதில் என்ன பெரிய விஷயம், அவள் நல்ல பெண்தானே என்று கேட்பீர்கள். விஷயம் இருக்கிறது. எங்கள் நெறியாளரை நாங்கள் சார் என்றே சொல்வோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். சார் முதல் மாதமே சொல்லிவிட்டார். இரும்பு என்கிற தலைப்பு ஒருவருக்குத்தான். கேட்கிறது இரண்டு பேர். தெற்கே எல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மழை விட்டதும் சோதனைக் குழி போடுவோம், அதில் யார் என்ன செய்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்வேன். மற்றவருக்குப் பாசிமணி. பழங்கால மணிகளும் நல்ல தலைப்புதான் என்றார்.

நான் மணிக்காகவா சம்பளத்தை விட்டேன்.

எங்கள் ஊரில் பருத்திக்கு உழும்போது கறுப்பாக, கனமாக, பொத்தல் பொத்தலாகக் கற்கள் வரும். சிட்டாங்கல் என்போம். பொறுக்கி வரப்பில் எறிவார்கள். பாதாங்கொட்டை உடைக்க அதைவிட நல்ல கல் கிடையாது. அது கல்லே இல்லை, இரும்பு உருக்கினபோது வழிந்து உறைந்த கசடு என்று எனக்கு முப்பது வயதுக்கு மேல் ஒரு பாடப்புத்தகத்தில் படம் பார்த்துத்தான் தெரிந்தது. எங்கள் புஞ்சையில் இரும்பு உருக்கியிருக்கிறார்கள். ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை. உடனே அண்ணனுக்குப் போன் போட்டு, அந்தக் கல்லை எல்லாம் அப்படியே வை என்றேன். அண்ணன் புது வீட்டு அஸ்திவாரத்தில் போட்டு மூடிவிட்டானாம்.

"நல்ல கனம்லா. வீடு அசையாம நிக்கும்" என்றான்.

"அது ஆயிரக்கணக்கான வருஷத்துப் பொருள்ணே."

"அப்ப இன்னும் நல்லதா போச்சு. வீடும் அத்தன வருஷம் நிக்கட்டும்."

அதனால்தான் இரும்பு எனக்கு வேண்டும். வைதேகிக்கு எதற்கு? அவள் வீட்டில் யாரும் இரும்பைத் தொட்டதில்லை. வட்டெழுத்துப் படிக்கிறவள் கல்வெட்டுப் பக்கம் போக வேண்டியதுதானே. கேட்டுவிட்டேன். "கல்வெட்டெல்லாம் ராஜா சொன்னது அக்கா. இரும்பு பண்ணினவா ஒண்ணும் எழுதி வைக்கலை, அதான்" என்றாள். இந்தப் பதில் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

என் மகள் நிவேதா ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடம் மலையாளம், சிநேகிதிகள் மலையாளம், கனவில் பேசுவதும் மலையாளம். தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க நான் படாத பாடு பட்டேன். அ எழுதச் சொன்னால் கையெழுத்துப் போடுகிற மாதிரி ஒரு கிறுக்கல். "அம்மே, இது எதுக்கு?" என்று கேட்கும். ஒரு விடுமுறை நாளில் துறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மத்தியானத்துக்குள் வைதேகி அவளுக்கு வட்டெழுத்தில் பெயர் எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டாள். இப்போது எங்கள் வீட்டு பீரோவில் வட்டெழுத்தில் நிவேதா என்று ஒட்டியிருக்கிறது. என் தமிழ் பழசு, அந்தத் தமிழ் ரகசியமாம். எப்போது பார்த்தாலும் வைதேகி சேச்சி என்ன செய்கிறாள், வைதேகி சேச்சி எப்போது வருவாள்.

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "ஏட்டி, பிள்ள எழுதுதே, அதப் பாரு" என்றார். நான் அதைப் பார்க்கவில்லை. யார் சொல்லி எழுதியது என்பதைத்தான் பார்த்தேன்.

4

மழை விட்டதும் ரப்பர் தோட்டத்துக்குப் போனோம். எனக்கு ஒரு குழி, வைதேகிக்கு ஒரு குழி. நடுவில் நாலைந்து ரப்பர் மரம். சார் இரண்டுக்கும் நடுவில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்துகொண்டார். மண் வெட்டிப் போட இரண்டு வேலையாட்கள்.

முதல் நாள் சார் ஒரு பழக்கத்தைச் சொன்னார். அகழாய்வு செய்கிறவர்கள் வேலை முடித்துக் குழியை மூடும்போது, அடியில் அந்த ஆண்டு அச்சடித்த காசு ஒன்றைப் போட்டுவிட்டு மூடுவார்கள். பின்னால் எவனாவது அதே இடத்தில் தோண்டினால், காசைப் பார்த்ததும் தெரிந்துகொள்வான், இது ஏற்கெனவே ஒருவன் தோண்டி மூடிய இடம், இந்த மண்ணில் கிடைப்பதை நம்பாதே என்று. எனக்கு அது பிடித்திருந்தது. முகம் தெரியாத ஒருவனுக்கு எச்சரிக்கை வைத்துவிட்டுப் போவது. வீட்டில் நிவேதாவிடம்கூடச் சொன்னேன். வைதேகி சேச்சி என்ன காசு போடுவாள் என்று கேட்டது.

வைதேகியின் குழியில் மண் கல்லாக இருந்தது. செம்மண்ணும் சரளையும் இறுகிக் கிடந்தன. அவள் சின்னக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி, குழியின் சுவரைத் தேய்த்துத் துடைத்து, வரைந்து, அளந்து, விரலளவு இறங்குவதற்குள் நான் முழங்கால் வரை இறங்கிவிட்டேன். என் குழியில் மண் பொலபொலவென்று வந்தது. கரண்டி வைத்தால் தானாக விலகி வழிவிட்டது. வந்தது மண் மட்டுமில்லை. கசடு. கை கொள்ளாத கட்டிகள். உலைக்குக் காற்று ஊதுகிற சுடுமண் குழாயின் உடைந்த துண்டு. வெந்து கண்ணாடியான உலைச் சுவரின் சில்லு. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரியம் எனக்கு எளிதாக நடக்கிறது என்று நினைத்தேன். இந்த ஊர் மண்ணாவது என்னை ஏற்றுக்கொண்டதே என்றுகூட நினைத்தேன். அப்படியெல்லாம் நினைக்கிற ஆள் இல்லை நான்.

அப்போது வைதேகியும் கண்டுபிடித்தாள். வட்டமாகச் சுட்டுச் சிவந்த மண், நடுவில் குழிவு. ஒரு உலையின் அடிப்பாகம், இருந்த இடத்திலேயே அசையாமல். சார் முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தார். அவர் முட்டி போட்டால் அது பெரிய விஷயம். என் குவியலையும் வந்து பார்த்தார். இவ்வளவா என்றார். ஆனால் முட்டி போடவில்லை.

நான் இன்னும் வேகமாக இறங்கினேன். உலை என் குழியில்தான் இருக்க வேண்டும், அவளுடையதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். சுவரைச் சுத்தம் செய், வரைபடம் போடு என்று வைதேகி இரண்டு தடவை வந்து சொன்னாள். நீ உன் குழியைப் பார் என்றேன்.

5

அடியை நெருங்கியபோது சார் வைதேகியை எனக்கு உதவிக்கு அனுப்பினார். வேண்டாம் என்று சொல்ல முடியாது. அவள் ஒரு மூலையில் தூரிகையால் மண்ணை ஒதுக்கினாள், நான் எதிர் மூலையில். வேலையாட்கள் கட்டன் சாயா குடிக்கப் போயிருந்தார்கள். சார் தார்ப்பாய்க்குக் கீழே யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

தூரிகைச் சத்தம் நின்றது. திரும்பினேன். வைதேகி உள்ளங்கையை மூடிக்கொண்டு சார் இருந்த பக்கம் பார்த்தாள். பிறகு என் முன்னால் கையைத் திறந்தாள்.

இருபத்தைந்து பைசா. மேலே காண்டாமிருகம். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் மிட்டாய் வாங்கிய காசு. கொஞ்சம்கூடத் துருப்பிடிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒருவன் இங்கே தோண்டியிருக்கிறான். நல்லதை எல்லாம் எடுத்துக்கொண்டு, வேண்டாத கசடைத் திரும்பக் குழிக்குள் தள்ளி, அடியில் காசு போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறான். மண் பொலபொலவென்று வந்தது ஏன் என்று தெரிந்துவிட்டது. நான் இத்தனை நாள் தோண்டியது அவன் குப்பையை. எந்தக் கட்டி எந்த ஆழத்தில் இருந்தது, எந்தக் காலத்தது, எதையும் இனி சொல்ல முடியாது. இரும்பு போய்விட்டது.

வைதேகி தணிந்த குரலில் பேசினாள். "அக்கா, சார் பாக்கலை. யாரும் பாக்கலை. நீங்க என்ன சொல்றேளோ அதுதான். நான் ஒண்ணும் பாக்கலைன்னு வச்சுக்கோங்கோ."

காசை என் கையில் வைத்தாள்.

சட்டைப் பையில் போட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் சொல்ல மாட்டாள், அது எனக்கு நிச்சயம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காலமெல்லாம் அவள் எனக்குப் பக்கத்து மேசையில் நல்ல பெண்ணாக உட்கார்ந்திருப்பாள், என் தலைப்பு அவள் போட்ட தருமமாக இருக்கும். சான்றிதழ் வாங்கிக் கொடுத்தாள், என் பிள்ளைக்கு எழுத்துக் கொடுத்தாள், இப்போது இதையும் கொடுக்கிறாள்.

குழியை விட்டு ஏறி நேராக சாரிடம் போனேன். "சாரே, இது என்றெ குழியில் கிட்டியது" என்று காசை நீட்டினேன். நேர்மையால் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் கையில் என் ரகசியம் இருப்பதைத் தாங்க முடியாமல்தான் சொன்னேன்.

சார் போனை வைத்தார். குழிக்குள் இறங்கிச் சுவரில் தண்ணீர் தெளித்து, கரண்டியின் விளிம்பால் ஒரு இழுப்பு இழுத்தார். அவ்வளவுதான். ஒரு பக்கம் இறுகிய செம்மண், மறுபக்கம் கலந்த மண், நடுவில் பழைய குழியின் ஓரம் கத்தியால் வெட்டிய மாதிரி தெரிந்தது. முதல் நாளே சுவரைத் துடைத்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். மண் எளிதாக வந்தால் சந்தோஷப்படக் கூடாது, பயப்பட வேண்டும் என்றார். அதை மலையாளத்தில் கேட்டால் இன்னும் சுடும்.

காண்டாமிருகத்தையும் ஒரு பையில் போட்டு, எண் கொடுத்து, சீட்டுக் கட்டினோம். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் வைதேகி என் பெயரை எழுதப் போனாள். பேனாவைப் பிடுங்கி அவள் பெயரை எழுதினேன்.

திரும்பி வரும்போது ஜீப்பில் அவளிடம் கேட்டுவிட்டேன். "எனக்குப் பிச்ச போட நீ ஆரு, பிள்ள?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பிச்சை இல்லை அக்கா. என் குழியா இருந்தா நான் மறைச்சிருப்பேன். அதான் உங்களையும் கேட்டேன்."

நான் நம்பவில்லை. இன்றுவரை பாதிதான் நம்புகிறேன்.

6

வைதேகிக்கு இரும்பு. எனக்குப் பாசிமணி. சார் துறையில் எல்லார் முன்னாலும் சொன்னார். மணியில் உனக்கு வேதியியல் உதவும் என்று ஆறுதலும் சொன்னார்.

வீட்டுக்காரர் அன்று எனக்குப் பிடித்த சொதி வைத்திருந்தார். "மணியும் ஆராய்ச்சிதான. என்னமோ பொழப்பே போன மாரி இருக்க" என்றார். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். மறுநாள் கழக்கூட்டத்துப் பழைய மேனேஜருக்குப் போன் செய்து, இடம் காலி இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தால் சொல்கிறேன் என்றார். ஊரில் அண்ணனிடம் சொன்னபோது அவன் ஒன்றுதான் கேட்டான். "அப்ப தீபாவளிக்கு வருவியா?" என் படிப்பைப் பற்றி என் வீட்டில் கேட்கப்பட்ட கேள்வி அது.

என் குழியின் கசடு நாலு சாக்கு, துறையின் கீழ்த்தளத்தில் அறுப்பு அறையில் கிடந்தது. அதை என்ன செய்வது என்று சாரிடம் கேட்டேன். இனி அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, வேண்டுமானால் அறுத்துப் பழகிக்கொள் என்றார். வைதேகியின் உலையை அறுக்க முடியாது. அது அரசுக்குச் சொந்தம், அசைக்கக் கூடாது, ஒரு துணுக்கு எடுக்கவும் அனுமதி வர வேண்டும். அனுமதிக் கடிதம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவளுக்கே "நாளெ வரூ" என்கிறார்களாம். அதைக் கேட்டு எனக்கு நல்ல சந்தோஷம். அதுவரை அவள் வரையலாம், அளக்கலாம், படம் எடுக்கலாம். அவ்வளவுதான்.

நான் அறுத்தேன். கோபம் தீர அறுத்தேன். பத்து வருஷம் கம்பி முறித்த கை. வைரம் பதித்த சக்கரத்தில் கட்டியைக் கொடுத்தால் அது அலறிக்கொண்டு பிளக்கும். உள்ளே ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஒன்று வெறும் கண்ணாடி. ஒன்றில் இரும்பு வெள்ளைப் புள்ளியாக மினுங்கும். அடுப்பு சரியாகச் சூடேறாத நாள், காற்று அதிகம் போன நாள், எல்லாம் தெரியும்.

ஒரு கட்டியைப் பிளந்தேன். நடுவில் கறுப்பாக ஒரு துண்டு. முதலில் அழுக்கு என்று நினைத்தேன். நுண்ணோக்கியில் வைத்தேன். மரத்தின் நார் வரிவரியாக நின்றது. கரி. உலையில் போட்ட அடுப்புக் கரி. கசடு குழம்பாக ஓடும்போது அதை விழுங்கி, உறைந்து, மூடிக்கொண்டுவிட்டது.

மண்ணடுக்கு போனால் போகட்டும். எவன் தோண்டினான், எவன் மூடினான் என்பதெல்லாம் வெளியே நடந்த கதை. உள்ளே அடைபட்ட கரிக்கு அது தெரியாது. கரியைச் சோதித்தால் அந்த மரம் எப்போது வெட்டப்பட்டது என்று தெரியும், உலை எரிந்த காலமும் கிடைத்துவிடும். வைதேகியின் உலையில் கரி ஒரு துணுக்குகூட மிஞ்சவில்லை. மழையும் ரப்பர் வேரும் தின்றுவிட்டிருந்தன. அவளிடம் உலை இருக்கிறது, வயது இல்லை. வயது என் குப்பைச் சாக்கில் இருந்தது.

சார் கீழே வந்து பார்த்தார். நுண்ணோக்கியை விட்டு வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு, வேறு எத்தனை கட்டியில் இருக்கிறது என்று கேட்டார். பார்க்கிறேன் சார் என்றேன். அந்த வாரம் தலைப்பை மாற்றி எழுதினார். உலை வைதேகிக்கு. கசடு எனக்கு. பாசிமணி அடுத்த வருஷம் சேர்கிற எவருக்கோ. பழைய மேனேஜர் போன் செய்து இடம் இருக்கிறது என்றார். இப்போது வேண்டாம் என்றேன். அதற்குள் எந்தக் கட்டியில் கரி இருக்கும், எதில் இருக்காது என்று கையில் தூக்கிப் பார்த்தே சொல்லப் பழகியிருந்தேன்.

கரி சோதனைக்குப் போயிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. வந்தாலும் பாதிதான் என்னுடையது. எனக்குப் பாதி பிடிக்காது.

7

இன்று மத்தியானம் பாயசத் தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு வைதேகி அறுப்பு அறைக்கு வந்தாள். நான் முகமூடி போட்டு ஒரு கட்டியைப் பிளந்துகொண்டிருந்தேன். சக்கரம் நிற்கும்வரை ஓரமாக நின்றாள். பிளந்த பக்கத்தைத் துடைத்து மேசையில் வைத்தேன். குனிந்து பார்த்தாள். தொடக் கையைக் கொண்டுபோய், இழுத்துக்கொண்டாள். அவள் உலையிடம் பழகிய பழக்கம்.

"உங்களுக்கு உள்ள பாக்க முடியறது" என்றாள். "எனக்கு வெளியில வரையத்தான் முடியறது. நெஜமாச் சொல்றேன் அக்கா, எனக்கு உங்ககிட்ட அசூயையா இருக்கு."

பொறாமையைத்தான் அவர்கள் வீட்டில் அசூயை என்பார்கள். ஒரு வருஷமாக நான் சாப்பிட்ட பாயசத்திலேயே இதுதான் இனிப்பு. முகத்தில் காட்டவில்லை. முகமூடி இருந்தது.

"இருக்கட்டும்" என்றேன். "எனக்கு ஒரு வருஷமா இருக்கு. ஒண்ணும் செத்துப்போகல."

அவள் தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "ஒரே ஒரு கட்டி நான் அறுத்துப் பாக்கட்டுமா? ஒண்ணே ஒண்ணு."

சாக்குகளைப் பார்த்தேன். கையைத் துடைத்தேன். பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டேன். தலையை நிமிர்த்தாமல், ஈயை ஓட்டுகிற மாதிரி சொன்னேன்.

"நாளெ வரூ."

வைதேகி சுவரில் சாய்ந்து சிரித்தாள். என் மலையாளத்தில் பிழை கண்டுபிடிக்க முடியாத முதல் வாக்கியம் அது. நிவேதா கேட்டிருக்க வேண்டும்.

நாளைக்கு அவள் வருவாள், தெரியும். அவள் போன பிறகு நாலு சாக்கையும் கிளறி, அவளுக்கென்று ஒரு கட்டியைத் தேர்ந்தெடுத்துத் தனியாக வைத்தேன். நல்ல கட்டி. கைக்கு அடக்கமானது. அறுக்கும்போது சக்கரம் திக்காது.

உள்ளே கரி இருக்காது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த கட்டி.